சோழகக் காற்றுக்கு ஒரு போர்டு

பழைய போர்டைக் கழற்றியபோது
ராம் செருகும் இடுக்கில் பச்சை பூத்திருந்தது.
செம்புக்கு உப்பு சூட்டிய பூ.
மூன்று வருடம் இரண்டு மாதம்.
"கீழக்கரையில அது நல்ல ஆயுசு லாத்தா"
என்றான் சர்வீஸ் கடை இல்முதீன்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை.
ஐந்து புள்ளி நாலு கிகாஹெர்ட்ஸில்
இரவு முழுக்க விழாமல் ஓடவேண்டும்.
ஷார்ஜாவில் எவரோ கட்டப்போகும் வில்லாவின்
வரவேற்பறைக்குள் விழும் அஸர் நேரத்து வெயிலை
நான் இங்கே உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன்,
ஒரு ஃபிரேமுக்குப் பதினொரு நிமிடம்.
அதை ஏழாக்கினால் மாதம் ஒரு வேலை கூடும்.

சாதுலி மச்சான் வெள்ளிக்கிழமை வருகிறான்.
கைப்பையில் ஒரு போர்டுக்கு மட்டும் இடமாம்.
"புதன் ராவுக்குள்ள சொல்லிரு."
இரண்டு படங்கள்.
ஒன்று வெள்ளை. விளிம்பெல்லாம் விளக்கு,
நிக்காஹ் வீட்டு வாசல் மாதிரி.
மற்றது கறுப்பு. மேலே தடித்த அலுமினியம்,
படகில் கிடக்கும் நங்கூரத்தின் முகம்.

எட்டுப் பேர் இழுக்கும் கரைவலையைப்
பதினாறு பேர் இழுத்தால்
யார் உள்ளங்கையும் கிழியாது.
பேஸ் என்பது அதுதான்.
மின்சாரத்தைப் பல கையில் வாங்கி
ஒரு கையும் சுடாமல் சிப்புக்குச் சேர்ப்பது.
பெட்டியில் பதினாறு என்று அச்சடித்துவிட்டு
உள்ளே எட்டை இரட்டித்துக் காட்டுவதும் உண்டு;
பாதிப் பேர் கயிற்றைச் சும்மா தொட்டபடி நின்று
பங்கு மீனுக்கு முதலில் வருவது போல.
வெள்ளை அப்படித்தான்.
கறுப்பில் பதினாலு. பதினாலும் இழுக்கும்.

தாய்ப்பலகை என்று பள்ளிப் புத்தகத்தில் இருந்தது.
வகுப்பே சிரித்தது, நானும்.
இந்தத் தெருவில் வீடு பெண் பேருக்கு.
யார் வந்தாலும் இதில்தான் செருகிக்கொள்ள வேண்டும்,
என் மாப்பிள்ளை உட்பட.
இப்போது அந்தச் சொல்லுக்குச் சிரிப்பு வரவில்லை.

கறுப்பு என்று அனுப்பினேன்.
"வாரண்டி இங்கதான் செல்லும், பரவால்லையா?"
வாரண்டி அங்கே. கடல் இங்கே.
பதில் எழுதாமல் அலமாரியைத் திறந்தேன்.

கல்யாணத்துக்கு வந்த நகப்பூச்சு,
நிறமில்லாதது, பாதி பாட்டில்.
தண்ணீரை நகத்தில் படவிடாது,
ஒளு கூடாது என்று ஒதுக்கிவைத்தேன்.
தண்ணீரைப் படவிடாது.
அதேதான் வேண்டும்.

சனிக்கிழமை மதியம், ஜன்னலைச் சாத்தி,
சாக்கெட்டுக்கும் ஸ்லாட்டுக்கும் டேப் ஒட்டி,
கெப்பாசிட்டர்களைச் சுற்றிக்
கால் கால் அங்குலமாகப் பூசினேன்.
வலது கை நடுங்கியது. ஒரு சொட்டு
ஆடியோ சிப் மேல் விழுந்தது, விட்டுவிட்டேன்.
ஒரு முழு நாள் காயவிட்டேன்.

முதல் ராத்திரி ஐந்து புள்ளி நாலு
இரண்டே கால் மணிக்கு நீலத் திரையாகச் சாய்ந்தது.
வோல்ட்டேஜைக் கொஞ்சம் ஏற்றினேன்,
தொண்ணூற்றாறு டிகிரி.
இறக்கினேன், மறுபடி நீலம்.
லைன் கரண்டு நூற்றெண்பதில் தள்ளாடியது,
யூபிஎஸ் முனகியது.
ஐந்து புள்ளி இரண்டு. சரி, இரண்டு.

பாங்கு சொல்லும்போது
முதல் ஃபிரேம் வந்திருந்தது.
ஏழு நிமிடம் ஐம்பது விநாடி.
யாருமில்லாத சோபாவின் மேல் வெயில்
சரியான கோணத்தில் கிடந்தது.
வெளியே சோழகம் கதவின் தாழ்ப்பாளை
ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
சூடேறிய பெட்டியிலிருந்து லேசாக
மணப்பெண் வாசனை.