நாற்பத்தொன்றாம் உறை

பரேல் ஆஸ்பத்திரியின் நாலாம் மாடி.
ஜன்னல் இல்லாத அறை.
மீரான்கனிக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு
நானும் ஒன்று மாட்டிக்கொள்கிறேன்.
பேனா மாதிரிக் கருவி
கன்னத்தின் உட்புறம் தொடும்,
உதட்டின் உட்புறம், நாக்கின் இரு ஓரம்,
கடைசியில் அடிநாக்கு.
ஒவ்வோர் இடத்திலும் முப்பது விநாடி, ஒரு பீப்.
வெளிச்சம் வந்தாலும் அதே பீப்,
வராவிட்டாலும் அதே பீப்.

எது வந்தது என்று அவருக்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது.
அவர் எண்ணை, நாற்பத்தொன்றை, அழுத்துவேன்.
மிச்சம் இயந்திரத்துக்கும் ஓர் உறைக்கும் உள்ள ரகசியம்.
உறை கீழ்மாடி பீரோவில்.
பீரோச் சாவி, நம்பினால் நம்புங்கள், புனேயில்.

கையெழுத்துப் போட்ட அன்றே கேட்டார்:
"பாதிப் பேருக்கு லைட்டு எரியாதுங்கிறீங்க.
அப்ப அந்தப் பாதி எதுக்கு?"
பயிற்சியில் சொல்லித் தந்ததைச் சொன்னேன்:
ஒப்பிட்டுப் பார்க்க.
"ஓ, படிக்கல்லு" என்று சிரித்தார்.
அப்போது அவருக்குச் சிரிக்க வாய் இருந்தது.

தொண்ணூறடிச் சாலையில் தோல்பை தைக்கிற கடை.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு
அந்தத் தெருவே அவரைத்தான் காட்டும்.
பேரம் பேசிக்கொண்டே நூலை எச்சிலில் நனைத்து
பார்க்காமலே ஊசியில் கோத்துவிடுவாராம்.

படிவத்தில் புண்ணுக்கு நான்கு தரம்.
நான் எங்கள் பாஷையில் கேட்பேன்:
வடாபாவ் எரியுதா?
எரிஞ்சாலும் மெல்ல முடியுதா?
கஞ்சி மட்டும்தானா?
அதுவும் இல்லையா?

கதிர்வீச்சின் இருபத்திரண்டாம் நாள் பேச்சு நின்றது.
நாக்கின் ஓரம் தோலுரிந்து, மேலே வெள்ளைப் படலம்.
வலி எத்தனை, பத்துக்குள் சொல்லுங்கள்?
ஏழு விரல் காட்டினார்.
நேற்றும் ஏழுதான்.
நேற்றைய ஏழு வேறு.

ரமலான் மாதம். செய்யதலி பாத்திமா
நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள்,
இஞ்சி இல்லாமல், பூண்டு இல்லாமல், உப்பும் இல்லாமல்
இரண்டு தரம் வடிகட்டி.
நோன்பு அவளுக்கு, கஞ்சி இவருக்கு.
மூன்று கரண்டி இறங்கியது.
நாலாவது மோவாயில் வழிந்தது.
அவள் துடைத்துவிட்டு
பிளாஸ்க் மூடியைத் திருகினாள், திருகினாள்,
அது எப்போதோ இறுகிவிட்டது.
நான் எழுதினேன்: திரவம், முப்பது மில்லி. தரம் மூன்று.

அதே வாரம், அதே கதிர்வீச்சு அளவு,
முப்பத்தெட்டாம் எண்காரி வராந்தாவில் உட்கார்ந்து
டீயில் பன் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.
அவளுக்கு எரிகிறது, இவருக்கு எரியவில்லை
என்று நினைக்கக் கூடாது.
நினைத்தேன்.
ஒரு வாயும் இன்னொரு வாயும் சேர்ந்தால்
அது வம்பு, முடிவு அல்ல என்பார் புனேக்காரர்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது என்றேன்.
தோல் வாங்கிய பில்லின் பின்புறம் எழுதிக் காட்டினார்:
"கல்லு இறங்கிட்டா தராசு எதைக் காட்டும்?"
அதன் கீழே, சின்ன எழுத்தில்:
"பொடிச்ச ஐஸ் கிடைக்குமா?"

மூன்று மாதம் கழித்து வந்தார்.
குரலில் உப்புத்தாள் ஓடுகிறது.
சட்டைப்பையில் ஒரு பாட்டில் மூடி.
எச்சில் ஊறுவதில்லை, மூடியில் தண்ணீர் வைத்து
நூலை நனைக்கிறாராம்.
"என் லைட்டு எரிஞ்சுதா?"
இன்னும் அறுபது பேர் வரணும், அப்புறம்தான் உறை பிரிப்பாங்க.
"வரட்டும்" என்று வாயைத் திறந்தார்.

டார்ச் அடித்தேன். இது எரிகிறது.
புண் இல்லை. இளஞ்சிவப்பு, வறண்ட இளஞ்சிவப்பு.
தரம் பூஜ்யம் என்று எழுதிவிட்டு
ஈரத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று
படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினேன்.