ஷட்டர்

ஏழு இருபது ஏற்காடு வண்டியில்
இந்தத் தை மாதத்திலும்
ஷட்டரைத் தூக்கிவைக்கிற பொம்பளை நான்தான்.
"பனி அடிக்குதுங்க" என்பார் பின்சீட்டு வாத்தியார்
மப்ளருக்குள்ளிருந்து.
அடிக்கட்டுமே.

கோரிமேடு தாண்டும்வரை ஒன்றுமில்லை.
அடிவாரம் செக்போஸ்ட்டில் டீ வாசம், குரங்குகள்.
மூன்றாம் கொண்டை ஊசியிலோ நான்காவதிலோ
மார்புக்குழியில் யாரோ
அடுப்பைப் பற்றவைத்துக் குனிந்து ஊதுகிறார்கள்.
கழுத்து, காது, நெற்றி.
ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.
இரண்டு வளைவு நேரம்தான்.
பிறகு அதே முதுகில் பனி ஏறி உட்காரும்.

வீட்டில் ஃபேன் ரெகுலேட்டரில் யுத்தம்.
ராத்திரி ரெண்டு மணிக்கு நான் ஐந்தில் வைப்பேன்,
அவர் தூக்கத்திலேயே எழுந்துபோய் இரண்டில் வைப்பார்.
தைராய்டு என்றார், பிரஷர் என்றார்,
திருஷ்டி என்று எலுமிச்சை வாங்கிவந்தார்.
சொல்லவேண்டியதை மட்டும்
இருபத்தாறு வருஷமாய்
"அது" என்றே சொல்லிப் பழகியிருந்தோம்.

சீலநாயக்கன்பட்டி லேடி டாக்டரின் மேசையில்
ஒரு குட்டி ஃபேன்,
அவர் முகத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.
பாதி பயம் அங்கேயே போனது.
"பன்னெண்டு மாசம் முழுசா வராம இருந்தாத்தான்
நின்னுபோச்சுன்னு அர்த்தம். எண்ணிட்டு வாங்க.
காபியைக் குறைச்சுப் பாருங்க."
காபி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிறவளிடம்
இப்படிச் சொன்னார் புண்ணியவதி.

எண்ணினேன்.
காலண்டரில் பென்சில் கோடுகள்: ஒன்பது, பத்து.
பீரோ மேலிருந்த மீதி நாப்கின்களைப்
பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தும்விட்டேன்.
பதினோராம் மாதம்
ஆபீஸ் கழிப்பறையில் வந்து நின்றது,
பொன்னாடை போர்த்தி வழியனுப்பிய மேனேஜர்
மறுநாள் காலை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாதிரி.
சிரித்தேன். அப்புறம் அழுதேன்.
எதற்கென்று கேட்காதீர்கள்.
கணக்கு முதலிலிருந்து.

இன்று பன்னிரண்டாவது வளைவில்
முன்சீட்டிலும் ஒரு ஷட்டர் படக்கென்று ஏறியது.
சப்ரிஜிஸ்டர் ஆபீஸ் ரெஜினாள்.
நாலு வருஷமாய் ஒரே வண்டி,
ஒரு வார்த்தை பேசியதில்லை.
முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் திரும்பினாள்,
என் நெற்றியைப் பார்த்தாள்,
கேட்டாள்:
"உங்களுக்கு எத்தனாவது மாசம்?"

"நாலு."
"எனக்கு ஏழு. போன தடவை எட்டுல கலைஞ்சுபோச்சு."

பின்சீட்டில் மப்ளர் நழுவியது.
வாத்தியார் எங்கள் நரைகளைப் பார்த்தார்,
வயிறுகளைப் பார்த்தார்,
மரியாதையாக எழுந்து
டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒண்டிக்கடை வரும்வரை பேசினோம்.
தூக்கம், முட்டிவலி,
யார் மீதென்று இல்லாமல் எரிந்துவிழுவது.
குளிர் தாங்கவில்லை.
இரண்டு பேரும் ஷட்டரை இறக்கவில்லை.