குட்டை மூக்கு

பச்சை விளக்கு எரிந்தது.
எரிந்தால் செல் நிறைந்துவிட்டதென்று
சார்ஜர் அட்டையில் போட்டிருக்கிறது.
அதை நம்பித்தான் மூன்றையும் பிடுங்கி
டார்ச்சுக்குள் இறக்கினேன்.
பொத்தானை அமுக்கினால்
டக் என்கிறது. அவ்வளவுதான்.

வேலந்தாவளம் சோதனைச்சாவடி,
ராத்திரி ரெண்டே கால்.
அந்தப் பக்கம் கள்ளுக்கடை சாத்திக் கிடக்க
இந்தப் பக்கம் சாமியானாவுக்குக் கீழே
நானும் மருந்துத் தண்ணி டிரம்மும்.
உள்ளே பெஞ்சில், குறட்டையாக, மயில்சாமி அண்ணன்.
பறவைக் காய்ச்சல் வந்து
மூணாவது வாரம்.

மாசாமாசம் புதுசு வாங்கக் கணக்கு இடிக்குதாம்.
'இது சாகாதும்மா, ஏத்தி ஏத்திப் போட்டுக்கலாம்'
என்று கொடுத்தார் டாக்டர்.
என் வேலை உத்தரவையும் அவர்தான்
பதினோரு மாசத்துக்கு ஒருக்கா
ஏற்றித் தருகிறார்.

திருப்பிப் போட்டேன்.
முன்னதைப் பின்னுக்கு, பின்னதை நடுவுக்கு.
ஸ்பிரிங்கில் பச்சையாய்ப் பூத்திருந்ததை
தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்த்தேன்.
உள்ளங்கையில் ரெண்டு தட்டு.
நெற்றியில் ஒன்று, அது எனக்கு.

அப்போது வந்து நின்றது
கே.எல். ஒன்பது லாரி.
'கப்பக் கிழங்கு சேச்சி, வேற ஒண்ணுமில்ல'
என்றான் சைனுத்தீன்.
பெயர், லைசென்சில் பார்த்தது.
கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம்,
அவிழ்த்தபின் எதைக் கொண்டு பார்ப்பது?
என் போனில் நாலு சதவீதம்;
நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து
குரூப்பில் போட அதுதான் மிச்சம்.

ஒரு சிகரெட் முடியும்வரை
நான் டார்ச்சோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தான்.
ரெண்டாவதைப் பற்றவைக்கவில்லை.
'இங்க தாங்க.'

தன் போன் வெளிச்சத்தை
டார்ச்சின் தொண்டைக்குள் அடித்துப் பார்த்தான்.
(அதை லாரிமேல் அடித்திருக்கலாம்.
எனக்குத் தோன்றவில்லை.
அவனுக்கும் தோன்றாத மாதிரி இருந்தது.)
கேட்காமலே உள்ளே போய்
சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி
அதன் ஒற்றைச் செல்லைத் தலைப்பக்கம் வைத்தான்.
எரிந்தது.
எடுத்தான். அணைந்தது.
ரெண்டு செல்லையும் மேஜையில்
அண்ணன் தம்பிபோல் நிறுத்தி
குனிந்து பாருங்க என்றான்.

'இதுக்கு மூக்கு செறுதா சேச்சி. அங்க முட்டலை.'

அரிசி மணி அளவுதான் வித்தியாசம்.
அரசாங்கச் செல்லின் மூக்கு
தகட்டைத் தொடாமல் நின்றிருக்கிறது
இத்தனை நேரமும், நிறைந்துபோய்.

சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம்,
வெள்ளி வெளியே இருக்க நாலாக மடித்து
மூக்கின்மேல் பொட்டாக ஒட்டினான்.
'ஒவ்வொண்ணும் ஒண்ணு ரெண்டுதான்,
ஒண்ணரை கிடையாது.
வெளிச்சம் கொஞ்சம் கொறயும்' என்று
மன்னிப்புப்போலச் சொல்லிக்கொண்டே அமுக்கினான்.

நெய் விளக்கு நிறத்தில் ஒரு வட்டம்.
என் கையில் கொடுத்தான்.
எதற்கு என்றில்லாமல்
அவன் சட்டைப் பையில், டயரில்,
பிறகு தார்ப்பாயில் அடித்தேன்.

தார்ப்பாய்
க்வாக் என்றது.

யாரும் பேசவில்லை.
அவன் விரலில் இன்னும்
மிச்ச வெள்ளிக் காகிதம்.

கிழங்கு மூட்டைக்குப் பின்னால் ஒரு கூடை.
கழுத்தை நீட்டி
வெளிச்சத்தைக் கொத்தப் பார்த்தன இரண்டு வாத்துகள்.
'ரெண்டே ரெண்டு' என்றான்.
ரெண்டுதான். எண்ணினேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
வாத்து 2. திருப்பி அனுப்பப்பட்டது.
நேரம், கடிகாரப்படி 2.31.
அதன் செல்லைக் கழற்றி மாட்டியதில்
தொலைந்த நிமிடங்களை எங்கே எழுதுவதென்று தெரியவில்லை.

ரோடு ஒடுக்கம், ஓரத்தில் வாய்க்கால்.
அவன் ரிவர்ஸ் எடுக்க
பின்னால் நின்று டார்ச் காட்டினேன்.
வரலாம், வரலாம், ஒடிங்க, போதும்.
வண்டி மேற்கே திரும்பியதும்
ஜன்னலில் தலையை நீட்டினான்.
திட்டப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

'காலையில அந்தப் பேப்பரை மாத்திடுங்க சேச்சி.
ஈரம் பட்டா நிக்காது.'