ஒன்பது திரைக்கு ஒரு கூரை

யெர்கோ போனில் சொன்னது இவ்வளவுதான்:
"ஒன்பது டிவி இருக்கு, ஒன்றுகூடக் கேட்கவில்லை."
போய்ப் பார்த்தேன்.
எல்லாமே கேட்டன. அதுதான் நோய்.

புன்தா அரேனாஸில், நீரிணைக்கு இரண்டு தெரு தள்ளி
ஒரு காலத்தில் கம்பளி மூட்டை அடுக்கிய கிடங்கு.
நாற்பது மீட்டர் நீளம், சிமென்ட் தரை, தகரக் கூரை.
கைதட்டினேன்.
தட்டிய கை பாக்கெட்டுக்குள் போன பிறகும்
கூரை தட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கோடியில் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு.
முன்னால் இருப்பவன் காதில் இடி,
பின்னால் இருப்பவன் காதில் கஞ்சி.
"கேட்கலை" என்று பின்னாலிருந்து கத்த
யெர்கோ திருகுவார்.
சத்தம் ஏற ஏற ஆட்கள் இன்னும் கத்த
அவர் இன்னும் திருகுவார்.
வட்டி கட்டக் கடன் வாங்குகிற கணக்கு.

இன்னொரு வம்பு.
ஐந்து திரைக்குக் கேபிள், நாலுக்கு டிஷ்.
வானத்துக்குப் போய் இறங்கும் கோல்
மூன்று வினாடி பிந்தி வரும்.
கதவோரம் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள்;
அடுப்போரம் பந்து இன்னும் காலில்தான் கிடக்கிறது.
முந்தியதைப் பிடித்து மூன்று வினாடி நிறுத்தினேன்.
அன்றுதான் தெரிந்தது,
லாரிக்கார எவாரிஸ்தோ
காதைக் கதவுப் பக்கமும் கண்ணை அடுப்புப் பக்கமும் வைத்து
அந்த மூன்று வினாடியில் பந்தயம் கட்டி
இரண்டு வருடமாக ஓசியில் பீர் குடித்தது.
அதிலிருந்து என்னோடு பேச்சில்லை.

பெரியவை இரண்டையும் இறக்கினேன்.
சின்னதாக இருபத்திரண்டு,
மேசைகளின் தலைக்கு மேல்,
தனக்குக் கீழே இருப்பவர்களோடு மட்டும்
ரகசியம் போல் பேசும்படி.
"எந்தத் திரைக்குச் சத்தம்?" என்றேன்.
ஒன்பது பதில் வந்தது.
கதவோரம் கால்பந்து, அடுப்போரம் ரோடியோ என்று பாகம் பிரித்தேன்,
அண்ணன் தம்பி சொத்து மாதிரி.
கவுண்டருக்கு எழுத்து மட்டும் ஓடும் ஊமைத் திரை.

கூரையை என்ன செய்ய?
சந்தியாகோவிலிருந்து வரும் பஞ்சுப் பலகைக்கு
விலை கேட்டதும் யெர்கோ உட்கார்ந்துவிட்டார்.
கொஞ்ச நேரம் கழித்து எழுந்து
பின்கதவைத் திறந்தார்:
விலைபோகாத கம்பளி, பதினேழு மூட்டை,
ஆட்டு வாடை மாறாமல்.
அவர் மகள் ஸ்லாவியா சாக்குத்துணியில் அடைத்துத் தைத்தாள்.
உத்திரத்துக்கு உத்திரம் தொங்கவிட்டோம்.
மறுபடி கைதட்டினேன்.
ஒரே ஒரு தட்டு.

அப்போதுதான் காற்று கேட்டது,
மேற்கிலிருந்து வந்து
தகரத்தின் ஓரத்தைப் பிடித்து ஆட்டுகிற
பத்தாவது டிவி.
அதற்கு ரிமோட் இல்லை.

சத்தமானியோடு மேசை மேசையாக நடந்தேன்.
பதினான்காவதில் எண் சரிந்தது.
தூணுக்குப் பின்னால், இரண்டு பாகத்துக்கும் நடுவில்
ஒலி எட்டாத ஒரு குழி.
இன்னொரு ஸ்பீக்கர் போதும். ஏணியை இழுத்தேன்.
நண்டு ஆலை இயந்திரங்களிடம் ஒரு காதைக் கொடுத்துவிட்டு
ஓய்வுபெற்ற ஓந்தினா
ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.
"இங்கே வேண்டாம்."
"ஆட்டம் கேட்காதே?"
"பார்த்துக்கிறேன்.
எதிரே இருக்கானே ருதெசிந்தோ,
வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுற ஆள்.
ஒண்ணு தவறினால்
அடுத்த வியாழன் வரைக்கும் காத்திருக்கணும்."
ருதெசிந்தோ எதுவும் சொல்லவில்லை.
இது கணக்கில் சேராது என்பது போல
வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

பில்லில் இருபத்திரண்டு என்றே எழுதினேன்.

சனிக்கிழமை பெரிய ஆட்டம், ஒன்பதிலும் அதுவே.
எண்பத்தோராம் நிமிடம்
கிடங்கு முழுக்க ஒரே வினாடியில் எழுந்தது.
கம்பளி மூட்டைகள்கூட லேசாக அசைந்தன.
தூணுக்குப் பின்னால் ருதெசிந்தோவின் உதடும் அசைந்தது.
ஓந்தினா நல்ல காதைத் திருப்பினாள்,
பிறகு மேசையில் ஓங்கி அடித்துச் சிரித்தாள்.
என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

கவுண்டரில் எவாரிஸ்தோ
சில்லறையை இரண்டு முறை எண்ணி
தன் காசில் ஒரு பீர் வாங்கினார்.