இரண்டாவது ரொட்டி

ராஜினாமாக் கடிதம் நெஞ்சுப் பையில் இருந்தது.
சபைத் தலைமைக்கு, ஒன்றரைப் பக்கம்,
இயலவில்லை என்ற சொல் நான்கு இடத்தில்.

அக்கரப்பத்தனைக் கடையடியில் பெட்ரோல் தீர்ந்தது.
கீழ்ப்பிரிவு லயம் வரைக்கும் நடை.
சறுக்கும் குறுக்கு, செருப்புக்குள் அட்டை,
இந்த மலையில் வரிசை தவறாமல் நிற்பது தேயிலை மட்டும்தான்.

ஏழு பேர்.
போன வருசம் இருபத்திரண்டு.
கொழும்புக்குப் போனவர்கள், குவைத்துக்குப் போனவள்,
பாய் விரிக்கும் தகராறில் கோபித்துப் போன ஒரு குடும்பம்.

அன்றைய பகுதி எலியா.
சூரைச்செடியின் கீழ், போதும் என்று படுத்தவன்.
அவனுடைய அவிசுவாசத்தைப் பற்றி
நான்கு குறிப்புகள் எழுதி வைத்திருந்தேன்.

அவன் படுத்த இடம்வரைதான் வாசித்தேன்,
மழை வந்துவிட்டது.
தகரம் முழுக்க அதன் பேச்சு.
என் வாய் அசைந்தது, அவ்வளவுதான்.
நிறுத்தினேன்.

சவரியாயி எழுந்தாள்.
அடுத்த மலையில் நிற்பவளைக் கூப்பிடுகிற குரலில்:
"நேத்து பதினெட்டு கிலோ நெறைஞ்சிச்சு, ஸ்தோத்திரம்!"
பின்னாலிருந்து ஒருத்தி:
"பொடியனுக்குக் காய்ச்சல் விட்டுச்சு, ஸ்தோத்திரம்!"
"கூரை ஒழுகுது, படுக்கைப் பக்கம் இல்ல, ஸ்தோத்திரம்!"
காது கேளாத ஞானப்பிரகாசம்
எதற்கென்று தெரியாமலே
ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் தாமதமாகக் கைதட்டினார்.

என் முறை.
தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.
"மழை என் பிரசங்கத்தை நிப்பாட்டிச்சு" என்று கத்தினேன்.
அன்றைக்கு ஆகப் பெரிய ஸ்தோத்திரம்
அதற்குத்தான்.

மழை தணிந்தபோது சவரியாயி ஒரு பொட்டலம் நீட்டினாள்.
தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து
தணலில் வாட்டிய ரொட்டி, ஓரம் கருகி, கட்டச்சம்பலோடு.
"சாப்பிடுங்க பாஸ்டர். போற தூரம் கொஞ்சமா?"

அந்த வசனம் வரை நான் வாசிக்கவே இல்லை.

பதினொரு வருசமாய் அந்த அதிகாரத்தைப் பேசுகிறேன்.
பெருங்காற்று பேசினேன், பூமியதிர்ச்சி பேசினேன்,
மெல்லிய சத்தத்தை மெல்லிய சத்தத்தில் பேசினேன்.
தணலில் சுட்ட அடையை மட்டும்
ஒவ்வொரு தரமும் தாண்டிப் போயிருக்கிறேன்.
களைத்துக் கிடந்தவனைக் கர்த்தர் ஏன் என்று கேட்கவில்லை, அப்போது.
தொட்டு எழுப்பி, தின்னக் கொடுத்தார்.
தின்றுவிட்டு அவன் மறுபடியும் படுத்துக்கொண்டான்.
அதற்கும் ஒரு திட்டு இல்லை.
தூதன் இரண்டாம் தரமும் வந்தான்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.
பைக்குள் அதை ஒட்டி இன்னொரு ரொட்டி,
இன்னும் ஆறாத சூடு.
குறுக்கில் ஏறுகிறேன். அட்டைகள் ஏறுகின்றன.
வீட்டுக்குப் போய் முதலில்
தூங்க வேண்டும்.