ஒன்று தசம் மூன்று ஐந்து

தலவாக்கலையில் ஜனவரி.
பேக்கரிக்கு மேல்மாடி, இரவு பதினொன்றேகால்.
ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்
குளிரட்டும் என்று. எனக்கல்ல,
பம்பலப்பிட்டியில் பழையதாய் வாங்கிய
ஒரு சதுரச் சில்லுக்கு.

விமோஜாவின் கல்யாணம் நாற்பது ஜீபி.
காலை எட்டுக்கு லிந்துலையிலிருந்து ஆள் வரும்.
இன்னும் பத்தரை மணித்தியாலம் என்கிறது கணினி.

பெருக்கியைக் கூட்டினேன்.
சோதிக்கத் தாலிக் காட்சியை ஓட்டினேன்.
நாற்பத்துநாலில் ஓடியது,
ஒன்று தசம் இரண்டு ஏழு வோல்ட்டில்.
நாற்பத்தாறில்
தாலிக்குக் குனிந்த மணமகள்
குனிந்தபடியே நின்றாள்.
நீலத்திரை.

வேகம் கேட்டால் அது அழுத்தம் கேட்கும்.
ஒன்று தசம் மூன்று கொடுத்தேன்.
இரண்டு முடிச்சு விழுந்தது.
மூன்றாவதை நாத்தனார் போடப்போக
மறுபடி நீலம்.

கீழே அணையின் விளக்குகள்.
இந்த ஆறு அங்கே மறிக்கப்பட்டு, எங்கோ விழுந்து,
லட்சத்துக்கு மேல் வோல்ட்டாய் மலையேறிப் போய்,
இருநூற்று முப்பதாய் என் சுவருக்குத் திரும்பி,
பலகையில் நொறுங்கி நொறுங்கி
ஒன்றே சொச்சமாய்ச் சில்லுக்குள் இறங்குகிறது.
டீவி ரிமோட் பெட்டரியில் கூட
இதைவிட அதிகம்.
ஆனாலும் இதன் ஆயுள்
தசத்துக்குப் பின் இரண்டாம் இடத்தில் இருக்கிறது.

வெப்பம் அறுபத்தெட்டு.
கொழும்பில் என்றால் தொண்ணூறைத் தொட்டிருக்கும்.
மலைக்குளிர் நம் பக்கம் என்று நினைத்தேன்.
கணக்கு பிழைத்தது இங்கேதான்.

குளிர் சூட்டைத்தான் எடுக்கும்,
அழுத்தத்தை எடுக்காது.
மயிரிழையை ஆயிரமாய்க் கிழித்த கம்பிகளுக்குள்
இலத்திரன்கள் முண்டியடித்து ஓடும்போது
செம்பு அணுக்களை ஒவ்வொன்றாய் இடம் தள்ளும்,
அடைமழைக்குக் கானோரம் கரைகிறமாதிரி.
புகையாது. மணக்காது.
ஒருநாள்
பழைய வேகத்துக்கே புது அழுத்தம் கேட்கும்,
அவ்வளவுதான்.

கொப்பியைப் புரட்டினேன்.
போன மார்ச்: நாற்பத்துநாலு, ஒன்று தசம் இரண்டு இரண்டு.
இன்று அதே நாற்பத்துநாலுக்கு இரண்டு ஏழு.
ஐந்து சதம்.
கடையில் ஒரு டொபியும் வராத காசு.
எனக்கு முன் வைத்திருந்தவன்
எவ்வளவு குடித்துக் கொடுத்தானோ,
ரசீதில் இல்லை.

ஜெயசுதன் அண்ணன் வட்ஸ்அப்பில் சொல்கிறார்:
'ஒன்னு நாப்பத்தஞ்சு குடு. ஒன்னும் ஆகாது.
போனா வேற வாங்குவோம்.'
காசு அவர் தருவார்தான்.
ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நின்றபடி
பம்பலப்பிட்டி போய்வருவது நான்.

கொப்பியில் ஒன்று தசம் மூன்று ஐந்துக்குக் கீழே
ஒரு சிவப்புக் கோடு.
இரண்டு சில்லுகளைக் கொன்ற பிறகு
நானே கிழித்தது.
இந்தச் சில்லுக்கு அந்தக் கோடும் உயரம்
என்று இப்போது தெரிகிறது.

போன மாதம் தோட்டத்தில்
பதினெட்டுக் கிலோவை இருபதாக்கினார்கள்.
அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினால்
ஒன்றுதான் கேட்பாள்:
'கூட்டின ரெண்டு கிலோவுக்கு
எத்தன வோல்ட்டு குடுத்தாங்களாம்?'
இதை மேலும் நீட்டப் போவதில்லை.
அம்மா சில்லு அல்ல.
அவளுக்குக் கொப்பியும் இல்லை.

நாற்பத்துமூன்றுக்கு இறக்கினேன்.
ஒன்று தசம் இரண்டு ஐந்து.
தாலி ஏறியது, மூன்று முடிச்சும்.
தொடக்கத்திலிருந்து ஓடவிட்டுப்
போர்வைக்குள் போனேன்.

எட்டுக்கு விமோஜாவின் தம்பி வந்தான்.
தொண்ணூறு வீதம் என்று காட்டினேன்.
நம்பாமல் திரையைப் பார்த்தான்,
கீழே போனான்,
இரண்டு மாலுபனிஸ் தின்றுவிட்டு ஏறிவந்து
'இன்னும் முடியலையா அக்கா' என்றான்.

ஒன்பது பத்துக்கு
கல்யாணம் முடிந்தது.
ஜன்னலைச் சாத்தப் போனபோதுதான்
என் விரல்கள் மடங்கவில்லை என்று கண்டேன்.