பொத்தான்

துவாசில் எனக்கு ஆறு கிரேன்கள்.
ஓட்டுவதில்லை, ஓடுவதைப் பார்க்கிறேன்.
கடல் பக்கம் ஜன்னல் இல்லாத அறை.
ஐயம் வந்தால் திரை கேட்கும்:
தொடரலாமா?
தொடரலாம்.
நேற்று மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு முறை.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு மாதம் அழுத்தினாலும்
ஒரு பெட்டிகூட விழாது என்கிறான் ஹஃபீஸ்.
ஒரு கோப்பி பந்தயம்.
நான் கட்டவில்லை.

ஆகஸ்டில் படைமுகாம் அழைத்தது, பத்து நாள்.
போன முறை துப்பாக்கி தந்தார்கள்,
இந்த முறை ஒரு டேப்லட்.
காட்டுக்கு மேலே எங்கோ டிரோன்,
என் மடியில் அதன் கண்.
அதிகாலை மூன்று பத்துக்குப்
புதருக்குள் ஒரு வெப்பம்.
மனிதன், தொண்ணூற்று நான்கு விழுக்காடு.
தொடரலாமா?

பயிற்சிதான். குண்டு கிடையாது,
மதிப்பெண் உண்டு.
ஆனால் விரல் துவாஸ் விரல்,
எனக்கு முன்பே விழித்துக்கொள்ளும்.

வெப்பம் நகர்ந்தது.
பின்னாலேயே ஐந்து சின்ன வெப்பங்கள்,
தாயின் வாலைப் பிடித்தாற்போல்.
காட்டுப்பன்றி!
கூடாரமே சிரித்தது.
நானும் சிரித்தேன்,
தொடரலாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டவன்.

வீடு திரும்பிய இரவு
நறுமுகை வீட்டுப்பாடத்தை நீட்டினாள்.
'மழை என் குடையைத் தேடி வந்தது.'
அடியில் சிவப்புக் கோடு.
'மழை வந்ததால் குடையைத் தேடினேன்'
என்று மாற்றலாமா?

"அழுத்துங்கப்பா, தூக்கம் வருது."

அவள் தூங்கி நெடுநேரமாகிறது.
விரலை மடக்கி வைத்திருக்கிறேன்.
திரை தானாக அணைந்துவிட்டது.
எழுப்புவதற்கும்
தொட்டாக வேண்டும்.